உப்புப்பாறைப் புழுக்கைகள்

ஏப்ரல் 9

தங்கச்சிக்கு,

உன் அண்ணியும் எங்களோடு இருந்து படிக்கும் பேத்தியும் நலம். நானும் நலம்தான். நீ கேட்கமாட்டாய், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

“ஆட்டுப் புழுக்கை பொறுக்கவா உன்னை இத்தனை படிக்க வைத்தேன்” என்று நான் கேட்டபோது, பாதிச் சாப்பாட்டில் கைகூடக் கழுவாமல் எழுந்து போனாய். அதற்கப்புறம் இந்த வாசலை மிதிக்கவில்லை. அன்றைக்குச் சொன்னதை நான் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. ஆனால் இந்தக் கடிதத்தோடு ஒரு பெட்டி அனுப்பியிருக்கிறேன். உள்ளே இருப்பது சிறுத்தையின் எச்சம். உன் ஆய்வுக்கூடத்தில் அதைத்தானே கரைத்துக் கரைத்துப் பார்க்கிறீர்கள். பார்.

தபால் அலுவலகத்தில், “உள்ள என்னங்கய்யா இருக்கு?” என்று கேட்டார்கள். “சிறுத்தைப் பீ” என்றேன். “விளையாடாதீங்க” என்றார்கள். திறந்து காட்டினேன். வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் எனக்கு வழிவிட்டுவிட்டார்கள்.

விஷயம் இதுதான். வீட்டுக்குப் பின்னால் மலையில் ஒரு மலையாட்டுக் கூட்டம் இருப்பது உனக்குத் தெரியும். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதிலிருந்து அதை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். வன அலுவலகம் எனக்கு ஓர் அடையாள அட்டைகூடக் கொடுத்திருக்கிறது. சாயங்காலம் ஏறிப்போய்ப் பாறைமேல் உப்பு வைத்து, அலுமினியத் தட்டைக் கரண்டியால் தட்டுவேன். செங்குத்துப் பாறைகளிலிருந்து அத்தனையும் இறங்கிவரும். தாயும் குட்டியுமாக என் எதிரில் வந்து நிற்கும். உப்புப்பாறை என்று அந்த இடத்துக்குப் பெயரே வந்துவிட்டது.

ஆனால் மூன்று வருடமாகக் குட்டிகள் தங்கவில்லை. பிறக்கின்றன, மழைக்காலம் வருமுன் காணாமல் போகின்றன. போன வருடம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. இப்படியே போனால் கிழடுகளோடு கூட்டம் முடிந்துவிடும்.

காரணம் சிறுத்தைகள். மொத்தம் நாலு. எச்சத்தின் பருமனை வைத்தே சொல்வேன். பிடித்துக்கொண்டு போகச் சொல்லி மனு கொடுத்தேன். “ஆதாரம் வேணுமே சார்” என்கிறார் புதிதாக வந்த அதிகாரி. அதோடு விட்டாரா? “நீங்க தினமும் போறதே அதுங்களுக்குத் தொந்தரவோ என்னமோ” என்கிறார். மீசை முளைத்தபிறகு பேசட்டும். நாலு சிறுத்தை, நாலும் குட்டி தின்றிருக்கின்றன என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு.

போனில் பேசினால் உடனே சண்டை வரும். கடிதமென்றால் அந்தச் சண்டை வந்துசேர ஒரு வாரமாவது ஆகும். அதனால்தான் எழுதுகிறேன்.

அண்ணன்

*

ஏப்ரல் 21

அண்ணாவுக்கு,

பெட்டி வந்தது. பிளாஸ்டிக் பையில் கட்டி அனுப்பியிருக்கிறீர்கள். உள்ளே வேர்த்து, பூஞ்சை பிடித்து, பாதி வீணாகிவிட்டது. இனிக் காகித உறையில் போடுங்கள். நிழலில் உலர்த்துங்கள். கையால் தொடாதீர்கள்.

எச்சத்தின் மேல் பளபளப்பாக ஒரு படலம் இருக்கும். குடலிலிருந்து உரிந்த செல்கள் அதில்தான் ஒட்டியிருக்கும். எந்த விலங்கு, ஆணா பெண்ணா, இதைப் போட்டதும் அதைப் போட்டதும் ஒன்றேயா என்று அதைக்கொண்டுதான் சொல்லமுடியும். உள்ளே இருப்பது அது தின்றதன் மிச்சம், முடி, எலும்பு, நகம். பருமனை வைத்து எண்ணிக்கை சொல்லமுடியாது. மனிதர்களே ஒருநாள் போவதுபோல மறுநாள் போவதில்லை.

எதை எழுதிக் கையெழுத்துப் போடுவது என்பது பார்த்தபிறகுதான் தெரியும். யார் அனுப்பினாலும் அப்படித்தான்.

எந்த எச்சம் எங்கே கிடந்தது என்று வரைபடத்தில் பென்சிலால் குறியுங்கள். ஆட்டுப் புழுக்கையும் வேண்டும், தினமும் காலையில், புதிதாகப் போட்டதாக. குப்பிகள் அனுப்புகிறேன். அவற்றில் இருக்கும் திரவத்தைக் கொட்டிவிடாதீர்கள். பயந்தால் உடம்பில் ஒன்று சுரக்கும் அல்லவா, அது மறுநாள் புழுக்கையில் வந்துவிடும். நேற்றைய பயத்தை இன்றைய புழுக்கையில் அளந்துவிடலாம். அந்த அதிகாரி கேட்டதற்கும் பதில் கிடைக்கும்.

அன்றைக்கு நான் கை கழுவினேன். தெருமுனைக் குழாயில்.

தங்கை

*

மே 16

தங்கச்சிக்கு,

நீ சொன்னபடியே எல்லாம் அனுப்பியிருக்கிறேன். குப்பியைத் திறந்து முகர்ந்துவிட்டு உன் அண்ணி, “தங்கச்சி அண்ணனுக்குச் சாராயம் அனுப்பியிருக்கா. அஞ்சு வருஷத்துல ரெண்டு பேருக்கும் புத்தி வந்துடுச்சு” என்றாள். அவளுக்கு எல்லாம் விளையாட்டு.

நடுவில் ஒரு வாரம் கணுக்கால் சுளுக்கி என்னால் ஏற முடியவில்லை. உன் அண்ணியைப் போகச் சொன்னேன். “மலைல நின்னு தட்டைத் தட்ட எனக்கு வெக்கமா இருக்கு. காலைல போயிப் பொறுக்கிட்டு வந்துடறேன், அவ்ளோதான்” என்றாள். உப்பும் வைக்கவில்லை, கூப்பிடவும் இல்லை. அந்தக் குப்பிகளில் ‘அண்ணி’ என்று எழுதியிருக்கிறேன். அவற்றைத் தனியாக வை. அந்த வாரம் முழுக்க ஆடுகள் என்னைக் காணாமல் தவித்துப் பயந்திருக்கும். நீயே பார்ப்பாய்.

புழுக்கையை நான் சும்மா அனுப்பவில்லை. என்னைக் கண்டு அவற்றுக்குப் பயமில்லை என்பதை எழுத்தில் வாங்கி, அந்த அதிகாரியின் மேசையில் போடப்போகிறேன். சீக்கிரம் செய். நேற்றும் ஒரு குட்டி குறைந்தது.

அண்ணன்

*

ஜூன் 12

அண்ணாவுக்கு,

இதை எழுதி எழுதிக் கிழித்துவிட்டேன். உட்கார்ந்து படியுங்கள். அண்ணி பக்கத்தில் இருக்கட்டும்.

சிறுத்தை நாலு இல்லை. ஒன்றுதான். பெண். நீங்கள் அனுப்பிய எல்லாமே அந்த ஒன்று போட்டதுதான்.

ஒரு நாள் எச்சத்தைச் சல்லடையில் கழுவிக்கொண்டிருந்தோம். என்னோடு வேலை செய்யும் பெண் இடுக்கியால் எதையோ தூக்கி, “மேடம், இது ஏதாவது விதையா?” என்றாள். கறுப்பாக, என் சுண்டுவிரல் நகத்தளவுகூட இல்லை. வாங்கி விளக்கடியில் வைத்துப் பார்த்தேன். குளம்பு. விளிம்பு இன்னும் தேய ஆரம்பிக்கவே இல்லை. பிறந்து நாலு நாள்கூட ஆகியிருக்காத குட்டி. அந்தப் பெண் வெளியே போய் வெகுநேரம் வரவில்லை. மற்றதை நான்தான் கழுவி முடித்தேன்.

ஆக, குட்டிகளைத் தின்றது சிறுத்தைதான். அதில் நீங்கள் சொன்னது சரி. ஆனால் வரைபடத்தைப் பாருங்கள். தூரத்தில் எடுத்த எச்சங்களில் எலி, முயல், முள்ளம்பன்றி. குட்டியின் முடி இருந்தவை எல்லாம் உப்புப்பாறையைச் சுற்றியே கிடந்திருக்கின்றன. உங்கள் பென்சில் புள்ளிகள், தட்டைச் சுற்றிச் சிந்திய பருக்கைகள் மாதிரி இருந்தன. அது அங்கேயே தங்கித் தங்கிக் காத்திருக்கிறது.

அடுத்தது புழுக்கை. நீங்கள் தட்டிய நாள்களின் மறுநாள் குப்பிகளில் பயம் ஏறிக்கிடக்கிறது. நாய் துரத்திய ஆடுகளிடம்தான் நான் இவ்வளவு பார்த்திருக்கிறேன். அண்ணி போன முதல் நாள் குறையவில்லை. பிறகு இறங்கிக்கொண்டே வருகிறது. அந்த வார முடிவில் நிம்மதியாக மேயும் ஆட்டின் அளவுக்கு வந்துவிட்டது. நீங்கள் திரும்பிப் போனதும் மறுபடி ஏறிவிட்டது. என் கைதான் தப்பு செய்கிறதோ என்று, யார் அனுப்பியது என்று சொல்லாமல் வேறொருவரிடம் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். அவருக்கும் அதேதான் வந்தது.

செங்குத்துப் பாறையில் இருக்கும்வரை சிறுத்தையால் அவற்றை ஒன்றும் செய்யமுடியாது. நீங்கள் தட்டுகிறீர்கள், அவை இறங்கி வருகின்றன. அந்தச் சத்தம் ஆடுகளுக்கு மட்டுமா கேட்கிறது, அண்ணா?

தட்டுவதை நிறுத்திவிடுங்கள். இன்றைக்கே.

தங்கை

*

ஜூன் 20

தங்கச்சிக்கு,

படித்தேன். நின்றுகொண்டேதான் படித்தேன்.

உன் அண்ணி பொறுக்கியது பழைய புழுக்கையாக இருக்கும். அவளிடமே கேட்டேன். “ஈரம் காயாததாப் பாத்துப் பாத்துத்தான் எடுத்தேன், நீங்க சொன்ன மாதிரியே” என்கிறாள். அவள் பேச்சுக்கும் உன் பேச்சுக்கும் எப்போது வித்தியாசம் இருந்திருக்கிறது. இருவரும் ஒரே கட்சி.

நான் எந்தக் கல்லூரிப் படியும் ஏறியதில்லை. பழைய புத்தகக் கடையிலும் மலையிலும் நானாகக் கற்றுக்கொண்டது எனக்குப் போதும். என் கண் பார்த்ததைச் சொல்கிறேன். தட்டியதும் வருகின்றன. வந்து அசையாமல் நிற்கின்றன. ஒரு காதுகூட ஆடாது. பயந்த பிராணி ஓடும். இவை நிற்கின்றன. இதற்குமேல் என்ன வேண்டும்? அன்பைச் சல்லடையில் போட்டுக் கழுவியா பார்ப்பார்கள்?

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். ஆட்டுக்குத் தெரிந்தது உனக்குத் தெரியவில்லை. அப்பா போனபிறகு உனக்குச் சோறு போட்டது யார்? பள்ளிக்கூடம் அனுப்பியது யார்? அந்தப் படிப்பை வைத்து என்னையே கொலைகாரன் ஆக்குகிறாய்.

இந்த அறிக்கை வன அலுவலகத்துக்குப் போகக்கூடாது. போனால் என் அட்டையைப் பிடுங்குவார்கள். தெருவே சிரிக்கும். போகாது என்று எழுது. இல்லையென்றால் எழுதவே எழுதாதே.

இன்று சாயங்காலமும் மலைக்குப் போவேன்.

அண்ணன்

*

ஜூலை 1

அண்ணாவுக்கு,

அறிக்கையை இருந்தபடியே அனுப்பிவிட்டேன். அதில் உங்கள் பெயர் இல்லை. உப்பும் தட்டும் இருக்கின்றன.

நீங்கள் கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். சோறு போட்டது நீங்கள்தான். பள்ளிக்கு அனுப்பியதும் நீங்கள்தான். மறக்கவில்லை. வீட்டிலும் அதே அலுமினியத் தட்டுதான். கரண்டியால் தட்டுவீர்கள். படித்துக்கொண்டிருந்தாலும் குளித்துக்கொண்டிருந்தாலும் ஓடிவருவோம், நான், அண்ணி, பிறகு உங்கள் மகனும். வந்து அசையாமல் உட்கார்ந்திருப்போம். யார் வாங்கிய மதிப்பெண், யார் ஜன்னலில் நின்றது, யார் எதிர்த்துப் பேசியது என்று ஒவ்வொருவராக எடுப்பீர்கள். சோறு தொண்டையில் இறங்காது. ஆனால் சோறு அங்கேதான் இருந்தது. மறுநாளும் வந்தோம்.

பயந்த பிராணி ஓடும் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியில் நின்றுவிட்டேன். நீங்கள் தெரிந்தேதான் எங்களைப் பயமுறுத்தினீர்கள் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன். அதற்காகவே உங்கள்மேல் கோபமாக இருந்தேன். அப்படியில்லை. நாங்கள் அசையாமல் இருந்ததைப் பார்த்து, எல்லாரும் நன்றாக இருக்கிறோம் என்று நம்பியிருக்கிறீர்கள். அந்தக் குளம்பைப் பார்த்தபோதுகூட எனக்கு இப்படித் தூக்கிவாரிப் போடவில்லை.

எங்கள் கேன்டீனில் யார் கையிலிருந்தாவது தட்டு விழுந்தால் இன்றைக்கும் எழுந்து நின்றுவிடுகிறேன். பக்கத்தில் இருப்பவர்கள் சிரிக்கிறார்கள்.

என்னை நம்ப வேண்டாம். ஒன்று மட்டும் செய்யுங்கள். அடுத்த தடவை ஆடுகளைப் பார்க்காதீர்கள். திரும்பி நின்று பின்னால் பாருங்கள். தனியாகப் போகாதீர்கள்.

தங்கை

*

ஜூலை 14

தங்கச்சிக்கு,

நீ சொன்னது தவறு என்று காட்டத்தான் போனேன். அதை முதலில் எழுதிவைக்கிறேன்.

சாட்சிக்கு வனக் காவலரைக் கூட்டிக்கொண்டு போனேன். உப்பை வைத்துவிட்டு, மேலே பாறைக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றேன். இத்தனை வருடத்தில் அந்தப் பக்கம் நான் பார்த்ததே இல்லை. பார்க்க அங்கே ஒன்றுமில்லை, புதர்தான். கரண்டியை எடுத்தேன்.

காவலர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். “அய்யா, தட்டாதீங்க” என்றார். புதரைக் கண்ணால் காட்டினார்.

அது ஏற்கெனவே அங்கே இருந்தது. நான் தட்டுவதற்கு முன்பே வந்து, முன்னங்கால்மேல் தாடையை வைத்துப் படுத்திருந்தது. கூப்பிடு தூரம்கூட இல்லை. ஒல்லி. ஒரு காது கிழிந்திருந்தது. என்னையும் பார்க்கவில்லை, காவலரையும் பார்க்கவில்லை. சமையலறை வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பசிக்காரனைப்போல, என் கையிலிருந்த தட்டையே பார்த்துக்கொண்டிருந்தது.

மெல்லத் தலையைத் திருப்பி மேலே பார்த்தேன். கூப்பிடாமலே ஆடுகள் நேரத்துக்கு வந்து பாறை விளிம்பில் நின்றன. எப்போதும்போல அசையாமல். ஒரு காதுகூட ஆடவில்லை. ஆனால் அவை என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்கு மேலாக, அந்தப் புதரைப் பார்த்துக்கொண்டிருந்தன. தினமும் அங்கேதான் பார்த்திருக்கின்றன. என்னைத்தான் பார்க்கின்றன என்று நான் எதிரே நின்றிருக்கிறேன்.

தட்டு கைநழுவிப் பாறையில் விழுந்தது. அந்தச் சத்தத்துக்குச் சிறுத்தை எழுந்து நின்றது. அதே சத்தத்துக்கு ஒரு தாய் ஆடு ஒரு படி கீழே இறங்கியது. அதன் காலோடு ஒட்டி ஒரு குட்டி. தெரிந்தும் இறங்கியது.

காவலர் கத்திக்கொண்டே கல்லை எறிந்தார். சிறுத்தை மறைந்தது. ஆடுகள் ஏறிவிட்டன. என்னைத்தான் காவலர் கையைப் பிடித்து இறக்கவேண்டியிருந்தது.

இதற்குப் பதில் எழுதாதே.

அண்ணன்

*

ஆகஸ்ட் 5

அண்ணாவுக்கு,

பதில் எழுதாதே என்றீர்கள். எழுதுகிறேன். நானும் அதே வீட்டில் வளர்ந்தவள்தானே.

அண்ணியிடம் போனில் கேட்டேன். “சாப்பிடறாரு. சாயங்காலமானா பின்வாசல்ல போய் உக்காந்துக்கறாரு” என்றார். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சிறுத்தையைப் பிடித்துக்கொண்டு போக விடாதீர்கள். அது போனால் அந்த இடத்துக்கு இன்னொன்று வரும். சத்தம் நின்றால் இதுவே முயலுக்கும் எலிக்கும் திரும்பிவிடும். ஆடுகள் அடுத்து ஏப்ரலில் குட்டி போடும். அதுவரை மலையில் யாரும் கூப்பிடாமல் இருக்கவேண்டும்.

குட்டிகள் பிழைத்தனவா என்று மேலே போகாமல் எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். புழுக்கையே சொல்லும். மிளகளவில் கிடந்தால் அது குட்டியின் புழுக்கை. பால் குடித்துப் பிழைத்து, புல் தின்னவும் ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

தங்கை

*

நவம்பர் 18

தங்கச்சிக்கு,

எனக்கு முட்டிவலி. அதனால்தான் மலை ஏறுவதில்லை. நீயாக வேறு காரணம் கட்டிக்கொள்ளாதே.

அட்டையை அவர்கள் கேட்கவில்லை. முட்டிவலி என்று சொல்லி நானே அந்த அதிகாரியின் மேசையில் வைத்துவிட்டு வந்தேன். “பரவாயில்ல சார், உக்காருங்க” என்றார். உட்காரவில்லை.

மனுவை நான் திரும்ப வாங்கவில்லை. கூண்டு வைக்க இடம் காட்டச் சொன்னார்கள். வழி மறந்துவிட்டது என்றேன். காவலர் என் பக்கத்திலேயே நின்றார், ஒன்றும் சொல்லவில்லை.

தட்டு மேலேயே கிடக்கிறது. வேறு வாங்கவில்லை.

அண்ணன்

*

மே 27

தங்கச்சிக்கு,

இரண்டு நாளாக மழை. மலையிலிருந்து வரும் ஓடை நம் பின்வாசலை ஒட்டிப் போகும் அல்லவா, ஏப்ரலிலிருந்து அதன் குறுக்கே பழைய கொசுவலையைக் கட்டிவைத்திருக்கிறேன். குப்பை வராமல் இருக்கத்தான்.

இன்று காலை வலையில் இலைச் சருகோடு சருகாகப் புழுக்கை ஒதுங்கியிருந்தது. பெரியவற்றை ஒதுக்கிவிட்டு அடியில் விரலை விட்டேன். மிளகளவில் நாலைந்து. இன்னும் தள்ளினேன். அதற்கடியில் ஒரு கைப்பிடி. நான் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டேன். உன் அண்ணி ஓடிவந்து, “என்னங்க, நெஞ்சு வலிக்குதா?” என்றாள். இல்லை என்று கையை விரித்துக் காட்டினேன். “கடைல வாங்கின மிளகை ஏன் ஓடைல கொட்டினீங்க?” என்றாள். அப்புறம் அவளும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

இந்தத் தடவை காகித உறை. நிழலில் உலர்த்தியது. கையால் தொட்டுவிட்டேன், அதற்கு ஒன்றும் செய்வதற்கில்லை. என்ன பிராணி, என்ன வயது என்று நீ பார்க்கவேண்டாம், எனக்கே தெரியும். பயம் எவ்வளவு இருக்கிறது என்று மட்டும் பார். ஓடைத் தண்ணீரில் ஊறியதில் அது தெரியாது என்று சொல்வாய். இருந்தாலும் பார். பதிலை எழுத்தில் அனுப்பவேண்டாம்.

வீட்டிலும் இப்போது யாரையும் தட்டிக் கூப்பிடுவதில்லை. தட்டு இல்லை, அதனால். அவரவர் பசிக்கு வருகிறார்கள். நேற்று நான் பாதி சாப்பிட்டபிறகுதான் பேத்தி வந்து உட்கார்ந்தாள். பள்ளிக்கூடத்தில் நடந்தது ஒன்றைச் சொல்ல ஆரம்பித்தாள். நீளமான கதை. சோறு ஆறிப்போய்விட்டது. அவளுக்கு இவ்வளவு பேச வரும் என்று எனக்குத் தெரியவே தெரியாது. அவள் எழுந்து போனபிறகும் நான் இருந்த இடத்திலேயே இருந்தேன்.

அன்றைக்கு உன்னைக் கேட்டதை நான் இன்னும் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. புழுக்கை பொறுக்கத்தான் படிக்க வைத்தேன் என்று வைத்துக்கொள்.

உன்னை நான் கூப்பிடவில்லை. பசித்தால் வா.

அண்ணன்